ஈரச்சாக்கு போட்ட கடையார்

நீங்கள் கையுறை போட்டு வேலை செய்கிறீர்கள். நல்லது. நாங்கள் வெறுங்கையால் வேலை செய்தோம். ரெசின் பசை பட்டுத் தோல் உரிந்த விரல்களால்தான் சோறும் குழைத்துச் சாப்பிட்டோம். அந்த வெறுங்கையால் ஒரே ஒரு பயன் இருந்தது. இறுகிக்கொண்டிருக்கும் வள்ளத்தின் சூடு நேரே உள்ளங்கைக்குத் தெரியும். 1988 ஆனியில் ஒரு புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, அப்படி ஒரு சூடு என் வலது கையில் பட்டது. நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எழுதி வைத்திருந்தேன். அதன் பிறகு என்ன செய்தேன் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். என்ன செய்திருக்க வேண்டும் என்பது அந்தக் கொப்பியில் இருக்கவில்லை.

வள்ளத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஊக்கமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் முகாமையாளர் கேட்டார். ஊக்கமான கதை என்னிடம் இல்லை. இருப்பதைத் தருகிறேன்.

நான் பழகிய தொழில் கட்டடம். கிணறு, மதகு, நீர்த்தாங்கி என்று சீமெந்தோடு பதினைந்து வருடம் போனது. 1983 இன் பிற்பகுதியில் அந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றபோது, யாழ்ப்பாணம் குருநகர்க் கரையோரம் பைபர் வள்ளம் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். பழைய மேற்பார்வை வேலையின் பெயர் கூடவே வந்தது; எல்லாருக்கும் நான் ஓவசியர்தான். எதற்கும் திகதி எழுதி வைக்கும் பழக்கத்தால் கடற்றொழிலாளர் எனக்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள். நான் வாசலுக்கு வந்தால் "திகதி ஐயா வாறார், தாடி வழிக்காதவன் ஒளியுங்கோடா, எத்தினை நாளெண்டு எழுதிப்போடுவார்" என்பார்கள்.

என் பொறுப்பு ஒன்றுதான். வள்ளத்தை அச்சிலிருந்து எந்த நாள் கழற்றுவது, எந்த நாள் கடலுக்கு விடுவது என்று சொல்வது. வேலை முறைகளை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ரெசின் இறுகும்போது சூடேறி, பிறகு சுருங்கும். உள்ளே கிடக்கும் கண்ணாடி நார் சுருங்காது. ஒன்று இழுக்க, மற்றது மறிக்க, அந்த இழுபறி தீராமலே பொருள் கல்லாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் பளபளவென்று ஒரு வள்ளம். உள்ளே இரண்டு பேர் கயிறிழுத்த நிலையிலேயே உறைந்துபோய் நிற்கிறார்கள். உங்கள் பாடக்குறிப்பில் இதற்கு எஞ்சிய தகைப்பு என்று பெயர் போட்டிருக்கிறார்கள். இதை முழுதாக இல்லாமற் செய்ய முடியாது. அவகாசம் கொடுத்துக் குறைக்கலாம். எங்களுக்குத் தொழிலைக் காட்டித் தந்துவிட்டு நாட்டை விட்டுப் போனவர் கதவில் வள்ளத்துக்குப் பூசும் தீந்தையால் எழுதி வைத்திருந்தார்: தடித்த இடத்தில் நாளுக்கு இரண்டு படை நார். அச்சில் ஏழு நாள். வெளியில் பத்து நாள். அதன் கீழே சிறிதாக, "அவசரமென்றால் மரத்தில் செய்யச் சொல்லு."

செபமாலை வந்தது அந்தப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை. நாற்பது வயதுச் சம்மாட்டி. சம்மாட்டி என்றால் சொந்த வள்ளம் உள்ளவர். ஆனால் அவருடைய மரவள்ளம் 1986 இல் கரையில் கட்டியிருந்த இடத்திலேயே எரிந்துபோய்விட்டது. அதன் பிறகு மற்றவர்களின் வள்ளத்தில் ஆளாகப் போய்வந்தார். தை மாதம் எங்களிடம் வள்ளத்துக்குச் சொல்லியிருந்தார். ரெசின் பீப்பாய்கள் வழியில் மறிபட்டு, சோதனைச் சாவடி ஒன்றின் அருகே நாட்கணக்கில் வெயிலில் நின்று, அந்தத் திங்கள்தான் வந்திறங்கின.

"ஓவசியர், ஞாயிறு கோயில் பெருநாள். சுவாமியார் கரைக்கு வந்து வள்ளமெல்லாம் மந்திரிப்பார். என்ரையும் நிரையிலை நிக்க வேணும்" என்றார்.

"இதென்ன பாணே, போறணையிலை வைச்சு நாளைக்கு எடுக்க?"

"பாணெண்டால் நான் பேக்கரிக்கெல்லோ போயிருப்பன்."

"பதினேழு நாள் வேணும், செபமாலை."

"பதினேழு நாள் கழிச்சு ஆர் மந்திரிக்கிறது? நீங்களே? கொப்பியைத் தூக்கிப் பிடிச்சு, திகதி வாசிச்சு?"

எங்கள் பட்டறையில் நார் விரிக்கும் தர்மன், சுன்னாகம் பக்கத்து ஆள், சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். சுவாமியாரைக் கேட்டால் எந்த நாளும் வந்து மந்திரிப்பார்தானே என்றேன். செபமாலையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"உங்களுக்கு அது விளங்காது. பெருநாளண்டைக்குச் சம்மாட்டிமார் முன்னுக்குத் தங்கடை வள்ளத்தின்ரை அணியத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். வள்ளம் இல்லாதவன் பின்னுக்குப் பெண்டுகள் பிள்ளையளோடை நிக்க வேணும். போன பெருநாளுக்கு நான் அங்கைதான் நிண்டனான். என்ரை மூத்தவள் கேக்கிறாள், 'அப்பா, நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்?' எண்டு. இந்த முறையும் அவளுக்கு நான் என்ன சொல்ல?"

தர்மன் பீப்பாயைத் திறந்து தடியால் கிளறிப் பார்த்தான். பாகு போல இழுபட்டது.

"அண்ணை, இது வெயிலிலை நிண்டு பழுதாகத் தொடங்கீட்டுது. இந்தக் கிழமை பாவிக்காட்டிக் கொட்ட வேண்டியதுதான்."

ஒரு பக்கம் பழுதாகப் போகும் ரெசின், இன்னொரு பக்கம் அவமானத்தோடு நிற்கும் மனிதன். இரண்டும் ஒரே திசையில் தள்ளின. கவனியுங்கள், நம்மைப் பிழை செய்யவைக்கும் காரணங்கள் பெரும்பாலும் நல்ல காரணங்களாகவே வருகின்றன. "ஞாயிறு நிக்கும்" என்றேன்.

செவ்வாய் வள்ளத்தின் உடல் முழுவதும் நார் விரித்து ரெசின் பூசினோம். புதன் கடையார். கடையார் என்பது வள்ளத்தின் பின்புறம், முன்முனையான அணியத்துக்கு எதிர்முனை. எஞ்சின் அங்கேதான் தொங்கும். அடித்தளமும் பின்பலகையும் சேரும் அந்த மூலைதான் முழு வள்ளத்திலும் தடித்த இடம். மூன்று நாட்களில் போட வேண்டிய ஆறு படைகளையும் ஒரே இருப்பில் போட்டோம். பழைய ரெசின் இறுகாமல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் இறுகவைக்கும் ஹாட்னரைக் கூட்டி ஊற்றச் சொன்னதும் நான்தான்.

மூன்று மணிக்குப் பிறகு தர்மன் கூப்பிட்டான்.

"அண்ணை, ஒருக்கா இஞ்சை வந்து கையை வையுங்கோ. முட்டை பொரிக்கலாம்."

கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். மூலையிலிருந்து மெல்லிய புகை எழும்பியது. அந்தக் கணத்தில் இரண்டு வழி இருந்தது. அந்த மூலையை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பப் போடுவது. அப்படியானால் ஞாயிறு இல்லை. அல்லது சும்மா விட்டு, அது தன்பாட்டில் ஆறும்வரை பார்த்து, பிறகு அதன் தலைவிதியைத் தீர்மானிப்பது. நான் மூன்றாவது ஒன்றைச் செய்தேன். பதினைந்து வருடம் சீமெந்தோடு வேலை செய்தவனின் கை தானாகச் செய்தது அது. புதிய சீமெந்து வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு போடுவோம். யாழ்ப்பாணத்தில் கிணறு கட்டிய எவனும் அதைச் செய்வான்.

"ஓடு, சாக்கை நனைச்சுக்கொண்டு வா!"

நாலு சாக்கைக் கிணற்று நீரில் நனைத்து மூலையில் அழுத்தினோம். சீறியது. ஆவி பறந்தது. அரை மணித்தியாலத்தில் மேற்பரப்பு குளிர்ந்துவிட்டது. "பாத்தியே?" என்று தர்மனிடம் கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கொப்பியில் "சூடு தணிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

என்ன நடந்தது என்பது உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க ஒன்றரை வருடம் ஆயிற்று. சீமெந்துக்கு ஈரம் வேண்டும். ரெசினுக்கு அது தேவையே இல்லை. நான் குளிரவைத்தது தோலை மட்டும். மேற்படைகள் சட்டென்று குளிர்ந்து இறுகிக்கொண்டன. நடுப்படைகள் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தன. பிறகு அவையும் ஆறிச் சுருங்கப் பார்த்தன. ஏற்கெனவே கல்லாகிவிட்ட தோல் விடவில்லை. அந்த மூலை முழுவதும், ஒருநாளும் தீராத ஓர் இழுவையை நானே என் கையால் பூட்டி வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் கழற்றினோம். மிக அழகாக வந்தது. காசு ஒன்றால் அணியம் முதல் கடையார் வரை தட்டிப் பார்த்தேன். எங்கும் சுத்தமான சத்தம். சனி தீந்தை. செபமாலையின் மனைவி றெஜினா பிள்ளைகளோடு வந்து பார்த்தார். "ஐயோ, இந்த நீலத்தை ஆர் தெரிஞ்சது? சேலைக்கடையிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கணவனைக் கேலி செய்தார். செபமாலை அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து எல்லாரும் கரைக்கு வந்தார்கள். வள்ளங்கள் மணலில் நிரையாக நின்றன. செபமாலை வெள்ளைச் சேட்டோடு அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டு, "ஓவசியர், நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ, கடையாரைப் பிடியுங்கோ, இது உங்கடை பிள்ளையும்தானே" என்றார். நான் சைவக்காரன், இருந்தாலும் போய் நின்றேன். வெயில் ஏறியிருந்தது. சுவாமியார் நிரையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்தபடி வந்துகொண்டிருந்தார்.

எங்கள் முறைக்கு இன்னும் மூன்று வள்ளம் இருந்தபோது என் கைக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ஈர்க்கு முறிவது போல. ஒரு தடவைதான். காதால் கேட்டதைவிடக் கையால்தான் அதிகம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தீந்தையில் கீறல் இல்லை. அணியத்தில் செபமாலை கண்ணை மூடி நின்றார், கன்னம் நனைந்திருந்தது. அவருடைய மூத்த மகள் அவரின் சேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்னுக்கு அல்ல, அவருக்குப் பக்கத்தில்.

சுவாமியார் வந்தார். தீர்த்தம் என் கையிலும் விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். இது பொய்யில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். திங்கள் காலை பத்து மணிக்குச் செபமாலை ஒரு பெரிய பாரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "முதல் மீன் உங்களுக்கு. வள்ளம் பறக்குது, ஓவசியர், பறக்குது!" என்றார். பத்து நாளாவது கரையில் கிடக்கட்டும் என்று நான் சொல்லியிருந்தது அவருக்கு நினைவில் இல்லை. எனக்கு நினைவிருந்தது. மீனை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சத்தத்துக்கு நான் எத்தனை விளக்கம் கண்டுபிடித்தேன் தெரியுமா? தீந்தை காய்கிற சத்தம். பலகை வெயிலுக்கு விரிகிற சத்தம். மணலில் ஏதோ சிப்பி. ஒவ்வொரு கிழமையும் அந்த வள்ளம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு வருகையும் என் விளக்கத்துக்குச் சாட்சியாயிற்று. தாங்கும்வரை எல்லாம் தாங்கும் என்ற ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை.

1989 மார்கழியில், வாடைக்காற்று பலமாக அடித்த ஒரு வியாழக்கிழமை, கடையார் பிரிந்தது. செபமாலையோடு போனவர் அவருடைய தமக்கையின் மகன் அன்ரன், இருபத்தைந்து வயது. வெறும் எண்ணெய்க் கான் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி மிதந்து மறுநாள் கரையேறினார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பெரிய அலை இல்லை ஓவசியர். சும்மா ஒண்டு. பின்பலகை எஞ்சினோடை அப்பிடியே கழண்டுது, மூடி கழண்ட மாதிரி. மாமா எஞ்சினைப் பிடிக்கப் பாஞ்சார்." செபமாலை வரவில்லை. பிறகும் வரவில்லை.

மூன்றாம் நாள் வள்ளத்தைக் கட்டியிழுத்து வந்தார்கள். முறிந்த மூலையைப் பார்த்தேன். நடுப்படைகள் தீய்ந்து தேநீர் நிறத்தில் இருந்தன. எல்லாரும் போன பிறகு, மூலையில் மிஞ்சியிருந்த துண்டை மரம் அறுக்கும் கைவாளால் அறுக்கத் தொடங்கினேன். நாலு விரற்கடை போனதும் வாள் நகரவில்லை. வெட்டின இரு பக்கமும் கிட்ட வந்து வாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இழுத்தேன், வரவில்லை. ஒன்றரை வருடம் வெயிலிலும் உப்பிலும் கிடந்த பொருள், புதன்கிழமை பின்னேரத்தை இன்னும் விடாமல் வைத்திருந்தது. தர்மன் வந்து ஆப்பு அடித்துத்தான் வாளை எடுத்தான். அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அண்டைக்குச் சாக்கு போட்ட இடமெல்லோ, அண்ணை?"

"ஓம்."

அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவன் தை மாதத்தோடு வேலையை விட்டுவிட்டான்.

செபமாலையின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். முடிந்து வெளியே வரும்போது றெஜினா என்னைத் தனியே மறித்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஓவசியர், உங்களை ஒண்டு கேக்க வேணும். உங்களுக்குத்தான் வள்ளம் தெரியும். அண்டைக்கு விடியக் காலமை நானும் அவரும் சண்டை. காத்தடிக்குது, போகவேண்டாம் எண்டனான். கேக்கேல்லை. போற மனிசனைப் பாத்து, 'போய்த் துலையுங்கோ' எண்டு சொல்லிப்போட்டன். மந்திரிச்ச வள்ளம். சனம் சொல்லுது, மந்திரிச்ச வள்ளம் சும்மா பிரியாது, வீட்டிலை ஏதோ பிழை இருக்கு எண்டு. நீங்கள் சொல்லுங்கோ. பிழை வள்ளத்திலையோ, என்னிலையோ?"

தம்பி தங்கைமாரே, உங்கள் தொழில் வாழ்க்கையில் கேள்விகள் பல வரும். இப்படி நேரே, ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றோ இரண்டோதான் வரும். பதில் எனக்குத் தெரியும். வாளைப் பிடித்த துண்டு என் அலுமாரியில் கிடந்தது. ஆனால் பட்டறையில் பாதியில் நின்ற வள்ளங்கள் நினைவுக்கு வந்தன. முதலாளி நினைவுக்கு வந்தார். கோயில் வாசலில் நின்ற செபமாலையின் தமையன்மார் கண்ணில் பட்டார்கள். எல்லாவற்றையும்விட, நான் பயந்தேன்.

"வள்ளத்திலை பிழை இல்லை, பிள்ளை" என்றேன். "கடல்."

அவர் தலையை ஆட்டினார். என்னை நம்பினார். அதுதான் கொடுமை. நான் சொன்னதன் பொருள் என்னவென்று நாங்கள் இருவரும் விளங்கிக்கொண்டோம்: பிழை வள்ளத்தில் இல்லையென்றால், மிஞ்சுவது ஒன்றுதான்.

1990 இன் பின் ரெசின் வருவது நின்றுபோய்ப் பட்டறையும் மூடப்பட்டது. எத்தனையோ தடவை குருநகர்ப் பக்கம் சைக்கிளை விட்டேன். றெஜினாவின் வீட்டு ஒழுங்கைக்கு முன்னால் இறங்காமலே திரும்பினேன். கொப்பியில் அந்த நாட்கள் எல்லாம் இருந்தன. "போனேன், சொல்லவில்லை" என்று ஒரே வரி, திகதி மட்டும் மாறும்.

1995 ஐப்பசி முடிவில் சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் கிழக்கு நோக்கி வீதியில் இறங்கி நடந்தபோது நானும் நடந்தேன். கொப்பிகளையும் அந்தத் துண்டையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். திரும்பிப் போனபோது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கொடிகாமம் சந்தைக்கு அருகே, பின்னேர மழையில் றெஜினாவைக் கண்டேன். இந்த ஒரு திகதிதான் என்னிடம் சரியாக இல்லை. சந்தைக் கொட்டிலின் தாழ்வாரத்தில் சனம் நெருக்கியடித்து நின்றது. அவர் மெலிந்து, தலை நரைத்து இருந்தார். என்னை அடையாளம் கண்டு, "ஓவசியர், சாப்பிட்டியளே?" என்று கேட்டார்.

நான் சொல்லிவிட்டேன். முன்னுரை ஒன்றும் இல்லாமல், நின்ற இடத்திலேயே. சூடு, சாக்கு, பெருநாளன்று கேட்ட சத்தம், வாள், கோயில் வாசலில் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அவர் கத்தவில்லை. முகத்தில் ஓடிய மழைநீரைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"கையை வைச்சுப் பாத்தனீங்கள்."

"ஓம்."

"சுட்டது."

"ஓம்."

வீதிப் பக்கம் திரும்பினார். சனம் போய்க்கொண்டே இருந்தது.

"ஆறு வருசம், நான்தான் அந்த மனிசனைக் கொண்டனான் எண்டு படுத்து எழும்பியிருக்கிறன். பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். அதோடையே இருந்து பழகிப்போட்டன். இப்ப வந்து அது நானில்லை எண்டுறியள். இதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது, ஓவசியர்?"

பிறகு குனிந்து, இரண்டு கைகளிலும் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.